மண்மேட்டடியில் குடியிருப்பு, கையில் 40 பக்கப் படிவம்: ஆபத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது?

பெனோனி டீச்சர் | ஆகஸ்ட் 4, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் சங்கரன்கோவில். தென்னாப்பிரிக்காவில் பெனோனிக்கு வந்து 6 வருடம் ஆகிறது, பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். இந்தக் குழுவில் சுரங்க வேலை தெரிந்தவர்களும் டாக்டர்களும் தண்ணீர்த் துறைக்காரர்களும் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் உதவிக்கு வரும் அக்கா, போன வாரம் கைப்பையிலிருந்து ஒரு இருமல் மருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். "டீச்சர், இது என்ன? என் தங்கச்சி பிள்ளை இதைத் தரையில் ஊற்றி உருட்டி விளையாடுகிறாள்" என்றார். கால் பாட்டில்தான் இருந்தது. வாங்கியதும் கை சட்டென்று கீழே இறங்கியது. உற்றுப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது, பாதரசம். பிள்ளைக்கு வயது 4.

அவர்கள் குடியிருப்பு ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே உள்ள ஈஸ்ட் ராண்டில், ஒரு பழைய தங்கச் சுரங்கக் கழிவு மண்மேட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. இடத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் ஜாமா ஜாமாக்கள், அதாவது அனுமதியில்லாமல் தோண்டுபவர்கள், இறங்கிக் கல் கொண்டுவருகிறார்கள். குடிசைகளுக்கு நடுவிலேயே அதை உடைத்து, அரைத்து, கழுவி, பாதரசம் சேர்த்து, சுட்டுத் தங்கம் எடுக்கிறார்கள். தோண்டுவது மட்டும்தான் பூமிக்குள். மற்ற எல்லா வேலையும் வீட்டு வாசலில்.

அங்குள்ள தேவாலயக் குழுவும் கிளினிக்கின் சுகாதாரத் தொண்டர்களும் சேர்ந்து, மக்களின் உடம்புக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆபத்து என்று ஒரு மதிப்பீடு செய்ய நினைக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கையில் இருப்பது பெரிய சுரங்கத்துக்காக எழுதிய 40 பக்கப் படிவம். காற்றோட்ட அதிகாரியின் கையொப்பத்துக்கு ஒரு கட்டம், தூசி அளவீட்டு எண்ணுக்கு ஒரு கட்டம் என்று போகிறது. அதில் பாதியை எங்களால் நிரப்பவே முடியாது. கருவி வாங்கப் பணமும் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

இரவு ஷிஃப்ட் டாக்டர் | ஆகஸ்ட் 4, இரவு 9:48

டீச்சர், மதிப்பீட்டுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் அந்த பாட்டில். மூடியை இறுக்கிப் பெரிய கண்ணாடி ஜாடிக்குள் வைத்து மூடுங்கள். சிங்க்கில் ஊற்றவே கூடாது. பிள்ளை விளையாடிய தரையைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், வாக்யூம் கிளீனரும் போடக் கூடாது, இரண்டுமே மணியை உடைத்து ஆவியைக் கிளப்பிவிடும். விறைப்பான இரண்டு அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து அள்ளி மூடிய ஜாடியில் போடட்டும். கதவைத் திறந்து வைக்கட்டும். பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள், பாதரசம் என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

எல்லோரும் நினைப்பதற்கு நேர்மாறான விஷயம் ஒன்று உண்டு. வாயில் போன பாதரச மணி பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். மூச்சில் போகும் ஆவியில் 80 விழுக்காடு வரை நுரையீரல் வழியாக இரத்தத்தில் ஏறும். அங்கிருந்து மூளைக்குப் போகும். தாய் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். கொதிக்க வேண்டும் என்றுகூட இல்லை, சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும்.

சாம்பியன் ரீஃப் | ஆகஸ்ட் 5, காலை 6:30

டீச்சரம்மா, நான் கோலார் தங்கவயல்காரன். அப்பா சாம்பியன் ரீஃப் ஷாஃப்டில் வேலை பார்த்தார், நானும் அங்கேதான் தொடங்கினேன். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்து பாறை உறுதி, பாதுகாப்பு என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். உங்கள் கேள்வி எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் படிவத்தை மூடி வையுங்கள். முதல் நாள் எதையும் அளக்காதீர்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே ஒரு இடத்தில் உட்காருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். நான்கே விஷயம் பாருங்கள்: விஷம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் போகிறது, யாரிடம் போய்ச் சேருகிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கல் உடைப்பவன் இரண்டு மணி நேரம் தூசியில் இருந்துவிட்டுப் போய்விடுவான். அவன் பக்கத்துக் குடிசையில் கிடக்கும் கைக்குழந்தை 24 மணி நேரமும் அங்கேதான் கிடக்கும்.

எங்கள் ஊரில் சயனைடு மேடுகள் உண்டு, அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண். ஆடி மாதக் காற்றில் அந்த மாவு பறந்து வரும். அம்மா சோற்றுப் பானையைத் துணி போட்டு மூடி வைப்பார். அப்படியும் சோற்றில் நறநறவென்று கடிபடும். கம்பெனி சுரங்கத்துக்குள் தூசி அளந்தது, புத்தகத்தில் எழுதிக்கொண்டது. எங்கள் சமையலறையில் யாரும் அளக்கவில்லை. அப்பாவுக்கு இருமல் வந்தபோது ஒரு ஆஸ்பத்திரியில் டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பல வருடம் அதே மாத்திரை. இது சிலிகோசிஸ், கல்தூசியால் நுரையீரல் இறுகும் நோய் என்று யாரோ ஒரு இளம் டாக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னபோது அப்பாவால் நாலு படி ஏற முடியாது.

இந்தப் பகுதியில் தங்கம் இருக்கும் விட்வாட்டர்ஸ்ராண்ட் பாறை பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. அதைக் காய்ந்த நிலையில் அரைத்தால் கிளம்பும் மாவில் கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் அடிவரை போகும். இந்த நாட்டுச் சுரங்கங்களில் சிலிக்காத் தூசிக்குச் சட்ட வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம். அதைப் பாதியாக்கி 0.05க்குக் கொண்டுவருவது என்று இலக்கே வைத்தார்கள். குடிசை வாசலில் காய்ந்த கல்லை அரைக்கும் இடத்தில் வரம்பை மீறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கருவி வேண்டாம். புகைபோலத் தூசி தெரிந்தாலே மீறியாயிற்று.

இன்னொன்று. யாரும் எந்தக் குழிக்குள்ளும் இறங்கக் கூடாது. பழைய சுரங்கத்தில் மேற்கூரையைத் தாங்க விட்டு வைத்த தூண்களிலும் தங்கம் இருக்கும், அதையும் வெட்டியிருப்பார்கள். மேலே நிலம் உள்வாங்கும். குடிசைகளுக்கு எத்தனை தப்படி தூரத்தில் குழிகள் இருக்கின்றன, மழையில் எது பெரிதாகிறது என்று மேலிருந்தே வரைபடத்தில் குறியுங்கள்.

ராண்ட்பர்க்வாசி | ஆகஸ்ட் 5, மதியம் 1:15

வேறு மாதிரி ஒரு கருத்து, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது சட்டவிரோத வேலை. பின்னால் துப்பாக்கி ஏந்திய கும்பல்கள் இருக்கின்றன. என் நண்பர் வீட்டுப் பக்கத்தில் கேபிளை அறுத்துவிட்டார்கள், தண்ணீர்க் குழாயை உடைத்துக் கல் கழுவுகிறார்கள், இரவில் வெடிச் சத்தம். நாம் போய் "இப்படி அரை, அப்படிச் சுடு" என்று சொல்லிக் கொடுத்தால், தவறை வசதியாகச் செய்யக் கற்றுத் தருவதாகத்தானே ஆகும்? அரசாங்கம் மூட வேண்டிய இடத்தை நாம் ஏன் மதிப்பிட வேண்டும்?

அதோடு டீச்சர் ஒரு பெண், வெளிநாட்டவர். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்?

லெனேசியா நாலாம் தலைமுறை | ஆகஸ்ட் 5, மாலை 5:40

தம்பி, நீ சொல்வதில் பயம் நியாயம். நான் இங்கேயே பிறந்தவன், என் கொள்ளுத்தாத்தா நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர். நான் சின்னப் பையனாக இருந்தது ஆக்டன்வில்லில், பெனோனியில் இந்தியர்களுக்கு என்று ஒதுக்கிய இடம். மண்மேட்டில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்து சறுக்கி விளையாடுவோம். மஞ்சள் மண், மாவு மாதிரி. காதிலும் மூக்கிலும் மண்ணோடு வீட்டுக்கு வருவோம். அந்த மண்ணில் யுரேனியமும் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது 50 வயதில். அந்த மேட்டைக் கொட்டியவர்களிடம் பெர்மிட் இருந்தது. எல்லாம் சட்டப்படி நடந்தது.

அதனால் சட்டம் உண்டா இல்லையா என்பது ஒரு கேள்வி, அந்த 4 வயதுப் பிள்ளை எதை மூச்சில் இழுக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்க யாராவது வேண்டும்.

சாம்பியன் ரீஃப் | ஆகஸ்ட் 5, இரவு 8:05

ராண்ட்பர்க் தம்பிக்கு. சட்டத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். 2002 கனிமவளச் சட்டத்தில் சிறு சுரங்கத்துக்கு வழி இருக்கிறது: 5 ஹெக்டேருக்கு மேற்படாத இடம், 2 வருடப் பெர்மிட், அப்புறம் ஒவ்வொரு வருடமாக 3 தடவை நீட்டிக்கலாம். அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், பின்னாளில் இடத்தைச் சீர்செய்யப் பணம் கட்டிவைக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கல் அரைப்பவரால் எப்படி முடியும்? கையால் தோண்டுபவர்களையும் சிறு சுரங்கக்காரர்களையும் முறைப்படுத்த 2022இல் ஒரு கொள்கை வெளியிட்டார்கள். கொள்கை குடிசை வாசல்வரை வந்து சேரவில்லை.

மூடுவது என்ற வழியையும் பார்த்தோம். ஸ்டில்ஃபோன்டேன் ஊரில் பழைய சுரங்கத்துக்குள் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் போகும் வழியைப் போலீஸ் அடைத்தது. 2025 ஜனவரியில் கூண்டு இறக்கியபோது 78 உடல்கள் மேலே வந்தன. அவர்களும் யாரோ வீட்டுப் பிள்ளைகள்தான்.

1996 சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் ஆபத்தை மதிப்பிடும் பொறுப்பை முதலாளி தலையில் வைக்கிறது. இங்கே முதலாளி என்று முன்வந்து நிற்பவர் யாரும் இல்லை. ஆனால் அரசமைப்பின் 24ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழல் "ஒவ்வொருவருக்கும்" உரிமை என்கிறது. பெர்மிட் உள்ளவருக்கு மட்டும் என்று அதில் இல்லை.

நிர்வாகி | ஆகஸ்ட் 5, இரவு 8:30

இடத்தின் பெயர், வரைபடக் குறியீடு, ஆட்களின் முகம் தெரியும் படங்கள் எதையும் இந்த இழையில் போட வேண்டாம். வாசிக்கிறவர்கள் எல்லோரும் நம்மைப் போல நல்ல எண்ணத்தோடு வாசிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

பட்டறைக்காரர் மகன் | ஆகஸ்ட் 6, காலை 7:20

என் அப்பா கோயம்புத்தூரில் நகைப் பட்டறை வைத்திருந்தார். இதில் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு.

பட்டறையில் தங்கத்தைச் சுத்தம் செய்ய நைட்ரிக் திராவகம் ஊற்றும்போது செம்பழுப்பு நிறத்தில் புகை வரும். அப்பா வாசலுக்குப் போய்க் காற்று வருகிற பக்கம் நின்றுதான் செய்வார். எங்களைத் தெருமுனைக்கு விரட்டிவிடுவார். அந்தப் புகை காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். மூச்சில் போனவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து இரவில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தூங்கப் போன ஆள் எழுந்திருக்க மாட்டார்.

பாக்ஸ்பர்க் ஏஞ்சலோ குடியிருப்பில் 2023 ஜூலை 5 அன்று நடந்தது நினைவிருக்கும். தங்கம் பிரிக்க ஒரு குடிசையில் வைத்திருந்த சிலிண்டரிலிருந்து நைட்ரேட் வாயு என்று செய்திகளில் சொன்ன வாயு கசிந்து 17 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. பெனோனிக்குப் பக்கத்து ஊர். ஆகவே டீச்சர், பாதரசத்தை மட்டும் தேடாதீர்கள். எந்தக் குடிசையில் சிலிண்டர், எதில் திராவகக் கேன் இருக்கிறது என்று பெண்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பாதரசம் வருடக்கணக்கில் கொல்லும், இது ஒரே ராத்திரியில். பட்டியலில் இதுதான் முதலில் வர வேண்டும்.

வாய்க்கால் | ஆகஸ்ட் 6, இரவு 10:02

தண்ணீர்ப் பக்கத்தை நான் சொல்கிறேன். இந்தப் பாறையில் பைரைட் என்ற கந்தக இரும்புக் கனிமம் உண்டு. காற்றும் தண்ணீரும் பட்டால் அது கந்தக அமிலமாகும். அமிலம் போகிற வழியில் பாறையில் உள்ள உலோகங்களைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். 2002இல் க்ரூகர்ஸ்டார்ப் பக்கம் பழைய சுரங்கங்கள் நிரம்பி ஓடைக்குள் வழிந்ததே, அது இப்படி வந்த தண்ணீர்தான்.

ஓடையோரம் நடந்து பாருங்கள். கல்லில் ஆரஞ்சு நிறப் படிவு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் படிவு இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். அமிலம் மிக அதிகமான இடத்தில் இரும்பு கரைந்தே கிடக்கும், அங்கே பாசியும் இருக்காது, புழுவும் இருக்காது, அதனால்தான் அத்தனை தெளிவு. பள்ளி ஆய்வகத்தில் அமிலத்தைக் காட்டும் பிஎச் காகிதம் இருக்கும் அல்லவா, அதையே எடுத்துப் போங்கள், எண் 7க்குக் கீழே குறையக் குறைய அமிலம் அதிகம். குடியிருப்புக்கு மேலே ஒரு இடம், கல் கழுவும் இடத்துக்கு நேர் கீழே ஒரு இடம், இன்னும் கீழே துணி துவைக்கும் இடம். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். கிணறு, குழாய், லாரித் தண்ணீர் எது என்றும் கேளுங்கள், குடிப்பது எது, குளிப்பது எது என்பதை வீடு வீடாக.

இப்போது வறண்ட காலம். மேட்டடியில் தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதில் உலோகங்கள் உறைந்து கிடக்கின்றன. அக்டோபரில் முதல் மழை பெய்ததும் எல்லாம் மொத்தமாகக் கரைந்து ஓடைக்கு வரும். ஆகவே இப்போது ஒரு முறை, முதல் மழைக்கு மறுநாள் ஒரு முறை மாதிரி எடுங்கள். வறண்ட காலத்தில் மட்டும் எடுத்துவிட்டு "தண்ணீர் பரவாயில்லை" என்று எழுதிய அறிக்கைகளை நான் வாசித்திருக்கிறேன், அந்த வார்த்தையை நம்பி மக்கள் குடித்தார்கள்.

பாதரசம் பார்க்கும் மாதிரியைச் சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்காதீர்கள், சுவரில் ஒட்டியும் வழியே கசிந்தும் குறைந்துபோகும். ஆய்வகமே அமிலம் விட்ட கண்ணாடி பாட்டில் கொடுக்கும். அப்புறம் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துச் சொல்லுங்கள். கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும்.

ராண்ட்பர்க்வாசி | ஆகஸ்ட் 7, காலை 9:00

ஏஞ்சலோவை நான் மறந்திருந்தேன். என் கருத்து முழுக்க மாறவில்லை, ஆனால் அந்தக் குழந்தைகள் விஷயத்தில் வாதம் செய்ய மாட்டேன்.

டீச்சரக்கா, போவதானால் பகலில் போங்கள். போலீஸ் வண்டியோடு போகாதீர்கள், அதற்கப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கிளினிக் தொண்டர்கள் வழக்கமாகப் போகும் நாளில், அவர்களோடு ஒருவராக. தங்கம் எவ்வளவு கிடைக்கிறது, யார் வாங்குகிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆபத்து இருப்பது அந்தக் கேள்வியில்.

இரவு ஷிஃப்ட் டாக்டர் | ஆகஸ்ட் 8, இரவு 11:30

பரிசோதனை பற்றி. பாதரச ஆவி உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர்தான் சரி. இரத்தமும் தலைமுடியும் பெரும்பாலும் மீன் வழியாக வரும் பாதரசத்தைக் காட்டும். உயிரியல் கண்காணிப்பில் பயன்படும் வரம்பு: சிறுநீரில் வரும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஒரு கிராமுக்குப் பாதரசம் 5 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் கவலையில்லை, 20ஐத் தாண்டினால் உடனே நடவடிக்கை. நடுவில் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும்.

செலவில்லாமல் செய்யக்கூடியது: கையை நீட்டச் சொல்லுங்கள், விரல் நடுங்குகிறதா. தாளில் நத்தை ஓடு மாதிரி சுழி வரையச் சொல்லுங்கள், கோடு அலைகிறதா. ஈறு வீக்கம், வாயில் உலோகச் சுவை, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், புதிதாக வந்த கூச்சம். இதெல்லாம் வேறு காரணத்தாலும் வரும், ஆகவே இதை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது, யாரை முதலில் அனுப்புவது என்று தெரிந்துகொள்ளலாம்.

கல் அரைப்பவர்களுக்கு இருமல், இரவு வியர்வை, எடை குறைவு இருந்தால் டி.பி. பரிசோதனை. சிலிக்கா படிந்த நுரையீரலில் டி.பி. சுலபமாகக் குடியேறும். எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று பெருக்கும். சிலிகோசிஸுக்கு மருந்து கிடையாது. பெரிய சுரங்கங்களில் வேலை பார்த்தவர்கள் பல வருடம் வழக்காடி, 2019இல்தான் 500 கோடி ராண்ட் இழப்பீட்டு உடன்பாட்டுக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது. குடிசை வாசலில் கல் அரைக்கும் பெண் யார்மேல் வழக்குப் போடுவாள்?

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். சிறுநீர் வாங்கிக்கொண்டு போனால் முடிவைத் திரும்ப அவர்கள் கையில் கொடுக்க வேண்டும், அவர்களுக்குப் புரியும் மொழியில். மாதிரி எடுத்துப் போனவர்கள் திரும்பி வராத கதையை எனக்கு வரும் நோயாளிகள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள்.

பெனோனி டீச்சர் | ஆகஸ்ட் 20, இரவு 8:45

மூன்று நாள் போய்வந்தேன். பிள்ளையைக் கிளினிக்கில் காட்டியாயிற்று, சிறுநீர் மாதிரி போயிருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை.

முதல் நாள் ஐயா சொன்னபடி உட்கார்ந்தேன். பதினொரு பெண்கள் சிமெண்டுப் பலகை முன் முழங்காலிட்டு, கையில் ஒரு கல்லால் தாதுக் கல்லை அரைக்கிறார்கள். நம் அம்மியும் குழவியும் அப்படியே. எங்கள் ஆச்சி மசாலா அரைக்கும்போது உடம்பு முன்னும் பின்னும் போய்வருமே, அதே அசைவு. நாலு பேர் முதுகில் துணியால் கட்டிய குழந்தை. அம்மா முன்னால் குனியும் ஒவ்வொரு தடவையும் குழந்தையின் முகம் அவள் தோளுக்கு மேலே வந்து தூசிக்குள் போய்த் திரும்புகிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை என்று எண்ணத் தொடங்கி, முடியாமல் நிறுத்திவிட்டேன். காலை 7 மணியிலிருந்து பகல் 3 வரை.

இன்னொரு பக்கம் பெண்டுகா என்று சொல்கிற, பழைய சிலிண்டரில் செய்த உருளையை இரண்டு பேர் கையால் சுற்றுகிறார்கள், உள்ளே இரும்புக் குண்டுகள். அது மூடியிருப்பதால் தூசி குறைவு. திறந்து கொட்டும்போதுதான் மேகம்.

ஆறு வீட்டு ஜன்னலில் வெள்ளைத் தட்டு வைத்துவிட்டு வந்தேன். ஐந்து நாள் கழித்து விரலால் கோடு போட்டுப் பார்த்தோம். அரைக்கும் இடத்துக்கு அடுத்த வீட்டுத் தட்டில் என் பெயரையே எழுத முடிந்தது. மேட்டுக்கு மிக அருகில் இருந்த தட்டு அதைவிடச் சுத்தம். நாங்கள் எல்லோரும் மேட்டைத்தான் முதல் எதிரி என்று நினைத்திருந்தோம். இந்த வாரக் காற்று வேறு பக்கம் அடித்தது என்பதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு சுடும் இடம். ஒரு பையன், 20 வயது இருக்கும், மண்வெட்டித் தகட்டில் சுண்டைக்காய் அளவு வெள்ளி நிற உருண்டையை வைத்துக் கரி அடுப்பில் காட்டுகிறான். பத்து நிமிடத்தில் அது மெல்ல மங்கி, பொரிந்து, மஞ்சளாகிறது. புகை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் பின்னால் தள்ளி நின்று ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தேன். அந்தப் புகை சுவரோடு ஏறி, மூன்றடி தள்ளியிருந்த ஜன்னலுக்குள் போனது. அது குழந்தைகள் காப்பகம். உள்ளே 30 பாய்கள் விரித்திருந்தன.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேட்டேன், ஏன் இங்கே? அவன் சொன்னான்: "இங்கே மட்டும்தான் செங்கல் சுவர். காற்று அடித்தால் கரி அணைந்துவிடும்." அவ்வளவுதான் காரணம். காப்பகம் என்பதற்காக அவன் அங்கே சுடவில்லை, காற்று மறைவுக்காகச் சுடுகிறான். தினம் ஒன்றிரண்டு பேர் அதே காரணத்துக்காக அங்கே வருகிறார்கள். தள்ளி, ஆள் இல்லாத சரிவில் தகரத்தால் ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்தால் அங்கே போவார்களா என்று கேட்டேன். "ஏன் போக மாட்டோம்?" என்றான்.

அரைக்கும் பெண்களிடம் தண்ணீர் தெளித்து அரையுங்கள் என்றோம். மறுத்துவிட்டார்கள். வாளிக்கு இவ்வளவு என்று கூலி. ஈரமானால் மாவு பலகையில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டினது போனால் கூலி போச்சு. இதற்கு என்ன வழி என்று எனக்குப் புரியவில்லை.

திராவகக் கேன் ஒரு குடிசையில் இருக்கிறது. சிலிண்டர் இல்லை என்கிறார்கள். ஓடையில் கல் கழுவும் இடத்துக்குக் கீழே பிஎச் காகிதம் 4 காட்டியது, மேலே 6.

சாம்பியன் ரீஃப் | ஆகஸ்ட் 21, காலை 5:50

அம்மா, நீங்கள் செய்ததுதான் மதிப்பீடு. "ஏன் இங்கே" என்ற கேள்வி அந்த 40 பக்கத்தில் எங்கேயும் இருந்திருக்காது.

ஈரத்துக்கு வழி உண்டு. அரைத்து முடித்த பின் ஒரு கோப்பைத் தண்ணீரால் பலகையைக் கழுவி, கழுவிய நீரை அதே வாளியில் ஊற்றட்டும். எப்படியும் அடுத்த வேலை தண்ணீரில் அலசுவதுதானே. ஒட்டினது எதுவும் வீணாகாது. வாளி கணக்கில் வாங்குபவரிடம் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும், ஒருத்தியாகச் சொன்னால் நடக்காது. அதுவரைக்கும் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காரட்டும், பிள்ளைகளை முதுகிலிருந்து இறக்கிக் காற்று வருகிற பக்கம் தள்ளி ஒரு நிழலில் விடட்டும். முகத்தில் கட்டும் துணி அந்த நுண்தூளை நிறுத்தாது, அதை நம்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

பட்டறைக்காரர் மகன் | ஆகஸ்ட் 21, மதியம் 12:30

தகர மறைப்போடு நின்றுவிடாதீர்கள். மூடிய பாத்திரத்தில் சுட்டு ஆவியைக் குழாய் வழியே தண்ணீரில் குளிரவிடும் ரிட்டார்ட் என்று ஒன்று உண்டு, நம் சித்த வைத்தியர்கள் மருந்து வடிக்கும் வாலை மாதிரிதான். ஒழுங்காகப் பயன்படுத்தினால் 90 விழுக்காட்டுக்கு மேல் பாதரசம் திரும்பக் கிடைக்கும். அவர்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள் அது, மிச்சமாகிறது என்று சொன்னால் கேட்பார்கள். சூடு ஆறும்வரை திறக்கக் கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் மினமாட்டா உடன்படிக்கை முதலில் ஒழிக்கச் சொல்லும் பழக்கங்களில் திறந்த வெளியில் சுடுவதும் குடியிருப்புக்குள் சுடுவதும் இருக்கின்றன. உங்கள் காப்பகச் சுவரில் இரண்டும் நடக்கிறது.

அந்தத் திராவகக் கேனை மறக்க வேண்டாம். ஆள் தூங்கும் குடிசையிலிருந்து முதலில் அது வெளியே போகட்டும்.

வாய்க்கால் | ஆகஸ்ட் 21, மாலை 6:15

மேலே 6, கீழே 4 என்றால் நடுவில் ஏதோ சேருகிறது. கல் கழுவுவதாக இருக்கலாம், மேட்டடி ஊற்றாகவும் இருக்கலாம். ஓடையின் இரண்டு கரையிலும் பத்துப் பத்துத் தப்படிக்கு ஒரு தடவை காகிதத்தை நனைத்துப் பாருங்கள், எந்த இடத்தில் சட்டென்று மாறுகிறது என்று பிடிபடும். மேட்டிலிருந்து வருவதாக இருந்தால் பழியைக் கல் கழுவுபவர்கள் தலையில் போடக் கூடாது. துணி துவைப்பதை இப்போதே மேல் பக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

லெனேசியா நாலாம் தலைமுறை | ஆகஸ்ட் 21, இரவு 7:00

மகளே, என் பேரனிடம் பக்கி, அதாவது பின்னால் சுமை ஏற்றும் சின்ன வண்டி, இருக்கிறது. கோவில் கொட்டகையைப் பிரித்தபோது மிஞ்சிய தகரத் தகடுகள் என் கொல்லையில் கிடக்கின்றன. எத்தனை வேண்டும்?

ராண்ட்பர்க்வாசி | ஆகஸ்ட் 21, இரவு 7:40

கம்பத்துக்கு என்ன செய்கிறீர்கள்? எட்டு இரும்புக் கம்பம் என்னால் தர முடியும். நான் உள்ளே வரவில்லை, பெரிய சாலை முனைவரை கொண்டுவந்து தருகிறேன்.

பெனோனி டீச்சர் | ஆகஸ்ட் 21, இரவு 9:20

தாத்தா, பத்துத் தகடு போதும். அண்ணா, கம்பத்துக்கு மிக்க நன்றி. சனிக்கிழமை காலை 7 மணிக்குச் சாலை முனையில் இருப்பேன், காற்று எழுவதற்கு முன்பே ஊன்றிவிட வேண்டும். அந்தப் பையனும் நண்பர்களும் குழி தோண்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் மறைக்க வேண்டும் என்று பார்க்க ஊதுபத்தி நான் எடுத்து வருகிறேன்.